மாதிரி எஞ்சினில் ஒரு மணல் குழாய்

"இருபது வயதில் பொம்மை ரயிலா?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். முதலில் எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. இன்று இல்லை. மாதிரி டீசல் எஞ்சினுக்கு உண்மையான நுணுக்கங்களைச் சேர்ப்பது விளையாட்டு அன்று. அறிவியல் மாணவனுக்கு அது நல்லதொரு பயிற்சி என்பதே என் கருத்து.

நான் எடுத்துக்கொண்டது டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சின். 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்திடமிருந்து வந்தது; 1964 முதல் வாரணாசியிலேயே கட்டப்பட்டது. 2,600 குதிரைத்திறனும் ஆறு அச்சுகளும் கொண்டது. அதனை 1:87 என்னும் அளவில் அட்டையால் செய்தேன். எரிந்துபோன மோட்டாரின் செப்புக்கம்பி கைப்பிடியாயிற்று. தீர்ந்துபோன பேனா ரீஃபில் காற்றுக் குழாயாயிற்று.

செய்யும்போதுதான் கணக்கின் அருமை புரிந்தது. நீளம் 87இல் ஒரு பங்காகும்போது, கன அளவு ஏறத்தாழ 6,58,500இல் ஒரு பங்காகிறது. 112 டன் எஞ்சின் அதே கணக்கில் 170 கிராம்தான்! கடைகளில் இந்த அளவுக்கு விற்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது 1,435 மி.மீ. பாதைக்கு உரியது. நமது அகலப்பாதையோ 1,676 மி.மீ.; அதற்கு 19.3 மி.மீ. வேண்டும். பார்ப்பவர் அறியாவிட்டாலும் மூன்று மில்லிமீட்டர் பிழை பிழைதானே?

டீசல் ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவிடம் பெருமையோடு காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரிடா தம்பி, சக்கரத்துக்கு முன்னால மணல் குழாய் எங்கே?" என்றார்.

தண்டவாளம் ஈரமானால் சக்கரம் வழுக்கும். அப்போது குழாய் வழியே மணலைத் தூவிப் பிடிப்பு உண்டாக்குவார்கள். உராய்வுக் கெழுவைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஆனால் ரயில் நிலையத்தில் எத்தனையோ முறை பார்த்த எஞ்சினில் அந்தக் குழாய் என் கண்ணில் படவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அதைக் கண்டுபிடித்தார்.

பழைய தோற்றம் வரட்டுமென்று உடல் முழுவதும் கரி பூசியிருந்தேன். அதற்கும் சிரித்தார். திடீரென்று வேகம் கூட்டினால் எரிபொருள் முந்திக்கொள்கிறது. டர்போ தரும் காற்று பிந்துகிறது. எரியாத கரி கரும்புகையாக மேலே போகிறது. ஆகவே கரி படிய வேண்டிய இடம் புகைபோக்கியைச் சுற்றிய கூரை. சக்கரங்களின் பக்கம் பிரேக் கட்டை தேய்ந்த பழுப்புத் தூசி. எண்ணெய்த் தொட்டியின் வாயருகே வழிந்த டீசல் கறை. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரியாமல் பூசினால் அது வெறும் அலங்காரம்.

நம் செய்முறைப் பதிவேடுகளை எண்ணிப் பார்க்கிறேன். சென்ற ஆண்டு மாணவர் வரைந்த படத்தைப் பார்த்து நாம் வரைகிறோம். விடை இதுவென்று தெரிந்துகொண்டு அளவீட்டைத் திருத்துகிறோம். நானும் செய்திருக்கிறேன். கருவி மேசைமேல் இருக்க, கண் மட்டும் அடுத்தவர் ஏட்டில் இருந்தால் அறிவியல் எங்கிருந்து வரும்?

பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள்: கோணலாக இருந்தாலும், கண்ணால் பார்த்து வரைந்த படத்திற்கு மதிப்பெண் தாருங்கள். நண்பர்களே, என் எஞ்சினில் இப்போது மணல் குழாய் இருக்கிறது. வந்து பாருங்கள், வேறு என்ன விட்டுப்போயிற்று என்று சொல்லுங்கள்.