பர்மாத் தமிழரின் கைத்தொலைபேசி எவர் கைப்பிடியில்?

யாங்கோன் நகருக்கு வடக்கே, பியே நகரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையையும் தொடருந்துப் பாதையையும் ஒட்டி அமைந்திருப்பது மாவ்பி நகரியம். வயல்களும் விமானப்படைத் தளமும் அருகருகே கிடக்கும் ஊர் அது. அங்குள்ள கைத்தொலைபேசிக் கடைக்குச் செல்லும் எவரும் கேட்கும் கேள்விகள் இரண்டே. எந்த நிறுவனத்தின் சிம் அட்டை மலிவு? எதற்கு அலை நன்றாகக் கிடைக்கும்? சென்னையிலும் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் கேட்கப்படும் அதே கேள்விகள்தாம் இவை. அந்நகரங்களில் இவை நேர்மையான கேள்விகள். பர்மாவிலோ, மக்களின் கண்ணைக் கட்டி வைப்பதற்கே இக்கேள்விகள் இன்று பயன்படுகின்றன.

மலிவான நிறுவனமா, பெரிய நிறுவனமா என்று வாடிக்கையாளர் எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில், மலிவானதும் பெரியதும் ஒரே அதிகாரத்தின் பிடிக்குள் சென்றுவிட்டன. இந்த உண்மையை உணராமல் வெளிநாடுகளிலிருந்து உறவினரின் எண்ணுக்குப் பணம் நிரப்பி அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள், தாம் அனுப்பும் பணம் எங்கு போய்ச் சேருகிறது என்பதை இனியாவது அறிந்துகொள்ள வேண்டும்.

ஏழைக்கு எட்டாதிருந்த சிம் அட்டை

2013 வரை பர்மாவில் தொலைத்தொடர்பு என்றால் அரசுக்குச் சொந்தமான எம்.பி.டி. என்ற ஒரே நிறுவனம்தான். 2000களில் ஒரு சிம் அட்டையின் விலை ஆயிரம் டொலரையும் கடந்து நின்றது. அதிகாரிகளுக்கும் அவர்களை அண்டியிருந்த வணிகர்களுக்கும் மட்டுமே உரிய ஆடம்பரப் பொருளாக அது இருந்தது. கூலி வேலைக்கும் சிறுவணிகத்துக்கும் செல்லும் தமிழர், தமிழ்நாட்டிலோ மலேசியாவிலோ உள்ள உறவுகளோடு பேசுவதற்குச் சாலையோர மேசையில் கம்பித் தொலைபேசி வைத்திருப்பவரிடம் காசு கொடுத்துக் காத்து நிற்க வேண்டியிருந்தது.

2013 ஏப்ரலில் 1500 கியாட் விலையில் 3,50,000 சிம் அட்டைகள் வழங்கப்பட்டபோது, அவை குலுக்கல் முறையிலேயே பங்கிடப்பட்டன. தொலைபேசி எண் பெறுவது பரிசுச்சீட்டு விழுவது போலாயிற்று. அதே ஆண்டு சூன் மாதத்தில் நோர்வேயின் டெலினார், கட்டாரின் ஊரிடூ ஆகிய இரு நிறுவனங்கள் உரிமம் பெறத் தெரிவு செய்யப்பட்டன. 2014இல் இரண்டும் சேவையைத் தொடங்கின. எம்.பி.டி. நிறுவனமும் சப்பானின் கே.டி.டி.ஐ., சுமிட்டோமோ ஆகியவற்றோடு கைகோத்துக்கொண்டு போட்டிக்கு இறங்கியது. குலுக்கலில் கிடைத்த சிம் அட்டை பெட்டிக்கடைக்கு வந்தது. பர்மிய மக்களின் வாழ்வில் அது ஒரு பெரும் விடுதலை என்பதை எவரும் மறுக்க இயலாது.

2018இல் நான்காவதாக மைட்டெல் வந்தது. இலவச அட்டை, அள்ளிக் கொடுத்த இணையத் தரவு, குறைந்த கட்டணம் என்று மலிவின் மறுபெயராகவே அது விளம்பரப்படுத்தப்பட்டது. அந்த மலிவின் பின்னே நின்றவர்கள் யார்? 49 விழுக்காட்டுப் பங்கு வியட்நாம் பாதுகாப்பு அமைச்சுக்குச் சொந்தமான வியட்டெல் நிறுவனத்துக்கு. 28 விழுக்காடு பர்மிய இராணுவத்தின் வணிகக் கரமான மியன்மார் பொருளாதாரக் கழகத்தின் துணை நிறுவனத்துக்கு. எஞ்சியது உள்நாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு. இரு நாடுகளின் இராணுவங்கள் கூட்டுச் சேர்ந்து நடத்திய கடையில்தான் ஏழைகளுக்கு மலிவு விலைச் சரக்கு விற்கப்பட்டது.

பெரிய நிறுவனம் காப்பாற்றியதா?

மலிவானது இராணுவத்தினுடையது என்றால், பெயர்பெற்ற பெரிய நிறுவனத்தைத் தெரிவு செய்தோர் தப்பினார்களா? இல்லை என்பதே வரலாறு தரும் விடை.

2013ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, அவசர நிலையைக் காரணம் காட்டிச் சேவையை நிறுத்துமாறு கட்டளையிடும் அதிகாரத்தை ஆட்சியாளருக்கு அளித்தது. இராணுவப் புரட்சிக்கு முன்னரே, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு பதவியிலிருந்த 2019 சூன் மாதத்தில், அரக்கான், சின் மாநிலங்களின் ஒன்பது நகரியங்களில் கைத்தொலைபேசி இணையம் துண்டிக்கப்பட்டது. அப்போது யாங்கோனில் பெரும் எதிர்ப்பு எழவில்லை. அடுத்த வீட்டில் விளக்கை அணைத்தபோது வாளாவிருந்தவர்களின் வீட்டிலும் ஒருநாள் விளக்கு அணைந்தது.

2021 பெப்ரவரி 1ஆம் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அன்று காலையே தொலைபேசியும் இணையமும் பல இடங்களில் செயலிழந்தன. சில நாள்களில் முகநூல் தடுக்கப்பட்டது. பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து இரவு ஒரு மணி முதல் காலை ஒன்பது மணி வரை இணையம் நாள்தோறும் நிறுத்தப்பட்டது. கைது செய்ய வரும் வண்டிகள் தெருவில் நுழைந்ததும் அந்த நேரத்தில்தான். மார்ச்சு மாதத்தில் கைத்தொலைபேசி இணையம் முற்றாகத் துண்டிக்கப்பட்டது. எம்.பி.டி. வைத்திருந்தவருக்கும் டெலினார் வைத்திருந்தவருக்கும் இதில் வேறுபாடு எதுவும் இருக்கவில்லை.

தொடக்க நாள்களில் தனக்கு வந்த கட்டளைகளை டெலினார் வெளியிட்டு வந்தது. இரு வாரங்களுக்குள் அதுவும் நின்றது. அவ்வாண்டு சூலை 8ஆம் நாள், பர்மாவிலுள்ள தன் நிறுவனத்தை லெபனானின் எம்1 குழுமத்துக்கு 105 மில்லியன் டொலருக்கு விற்கப்போவதாக அறிவித்தது. உரையாடல்களை ஒட்டுக் கேட்கும் கருவிகளை இயக்குமாறு தொடர்ந்து வந்த நெருக்குதல், வெளியேறக் காரணங்களில் ஒன்று என்று பின்னர் அந்நிறுவனமே கூறியது. 2022 மார்ச்சில் விற்பனை நிறைவெய்தியபோது, உள்நாட்டின் சுவே பியைன் பியூ குழுமமே 80 விழுக்காட்டுப் பங்குக்கு உரியதாக இருந்தது. டெலினார் என்ற பெயர் ஆட்டம் என்றாயிற்று. அந்தக் குழுமத்தின் மீதும் அதன் தலைவர் மீதும், பர்மிய இராணுவத்தோடுள்ள தொடர்புக்காக 2024 சனவரியில் அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஊரிடூவும் 2022இல் விற்பனையை அறிவித்து 2024இல் வெளியேறியது.

ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் வாடிக்கையாளர்கள் டெலினாருக்கு இருந்தனர். அவர்கள் எவரிடமும் ஒப்புதல் கேட்கப்படவில்லை. அவர்களுடைய பெயர், அடையாள எண், யாருடன் எப்போது பேசினார்கள் என்ற பதிவு ஆகிய அனைத்தும் கடையோடு சேர்த்துக் கைமாறின. இதை எதிர்த்து 474 பர்மியக் குடிமை அமைப்புகளின் சார்பில் நோர்வேயில் முறைப்பாடு செய்யப்பட்டது.

தமிழ்நாட்டில் 2018இல் ஏர்செல் நிறுவனம் முடங்கியபோது மக்கள் தம் எண்ணை அப்படியே வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டு சென்றனர். அங்கும் அலைச்சலும் அவதியும் இருந்தன. ஆயினும், ஒரு நிறுவனம் வீழ்ந்ததால் எவரும் தம் பேச்சுப் பதிவு படையினரின் மேசைக்குப் போகுமோ என்று அஞ்சி ஊரை விட்டு ஓடவில்லை. தெரிவு என்பதன் பொருள் அதுதான். எவரை விட்டு எவரிடம் சென்றாலும் அச்சம் கூடவே வருமானால் அங்கு சந்தை உண்டு, தெரிவு இல்லை.

தமிழருக்கு மட்டும் உள்ள கூடுதல் சுமை

இத்துன்பம் பர்மிய மக்கள் அனைவருக்கும் பொதுவானது. எனினும் தமிழர் மீது இன்னொரு சுமையும் ஏறி நிற்கிறது. அது ஆவணச் சுமை.

நே வின் ஆட்சியில் 1960களில் கடைகளும் வங்கிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, பல இலட்சம் இந்திய வம்சாவளியினர் வெறுங்கையோடு கப்பலேறினர். தமிழ்நாட்டின் பர்மா காலனிகளும் சென்னையின் பர்மா பசாரும் அந்த வரலாற்றின் சான்றுகள். போகாமல் மண்ணோடு தங்கியவர்களை 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எதிர்கொண்டது. முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், குடியுரிமை வழங்கப்பட்டோர் என்று அது மக்களை மூன்று தரமாகப் பிரித்து, மூன்று நிறங்களில் அட்டை கொடுத்தது. நான்கு தலைமுறையாக அதே வயலில் உழைத்தும் எந்த நிற அட்டையும் இல்லாத தமிழர் இன்றும் உள்ளனர்.

இப்போது ஒவ்வொரு சிம் அட்டையும் அடையாள ஆவணத்தோடு பதியப்பட வேண்டும். 2023 தொடக்கத்துக்குள் முறையாகப் பதியாத எண்கள் துண்டிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அட்டை இல்லாதவர் என்ன செய்வார்? அயலவரின் பெயரிலோ முதலாளியின் பெயரிலோ எண் வாங்குவார். சோதனைச் சாவடியில் தொலைபேசியை வாங்கிப் பார்க்கும் படைவீரன், இந்த எண் யாருடையது என்று கேட்டால், அவரிடம் உண்மையும் உதவாது, பொய்யும் உதவாது. 2024 பெப்ரவரியில் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டு, 18 முதல் 35 வயது வரையான ஆண்கள் படைக்கு அழைக்கப்படும் நிலையில், பெயரும் முகவரியும் கொண்ட பதிவேடு எவர் கையில் இருக்கிறது என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வியாகிவிட்டது.

மலிவு என்ற பேச்சும் இன்று பொய்யாகிவிட்டது. 2022 சனவரியில் புதிய சிம் அட்டை ஒவ்வொன்றுக்கும் 20,000 கியாட் வரி விதிக்கப்பட்டது. இணையச் சேவை மீதான வரி 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 1500 கியாட்டுக்குக் கிடைத்த அட்டைக்கு அதன் விலையைப் போலப் பதின்மூன்று மடங்குக்கு மேல் வரி! குலுக்கல் காலத்திலிருந்து மீண்டுவந்த ஏழையை மீண்டும் வாசலுக்கு வெளியே தள்ளும் வேலையன்றி இது வேறென்ன?

ஏழைக்கு அரசியல் எதற்கு என்போருக்கு

"நாள் கூலிக்கு உழைப்பவனுக்கு யார் முதலாளி என்பதில் என்ன கவலை? அழைப்பு போனால் போதும்" என்று சிலர் வாதிடுகின்றனர். இவ்வாதத்தில் ஒரு பகுதி நியாயமானது. மைட்டெல் கோபுரம் மட்டுமே எட்டும் சிற்றூரில், மகப்பேற்று வலியில் துடிக்கும் பெண்ணுக்கு உதவி தேட அந்த அட்டையைப் பயன்படுத்துபவரைக் குற்றஞ்சாட்டுவது அறமாகாது. 2025 மார்ச்சு 28ஆம் நாள் சகாயிங் பகுதியைக் குலுக்கிய நிலநடுக்கத்தின்போது, எந்த நிறுவனத்தின் அலையாயினும் கிடைத்தால் போதும் என்றே மக்கள் தவித்தனர். மாவ்பியின் ஏழைத் தமிழனை நோக்கி விரல் நீட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

விரல் நீட்டப்பட வேண்டிய திசை வேறு. வழி உள்ளவர்களும், வசதியான நாடுகளில் பாதுகாப்போடு வாழ்பவர்களும் அதே வாதத்தைக் கவசமாக்கிக்கொள்வதுதான் தவறு. ஏழைக்கு வழியில்லை என்பது உண்மை. இருப்பவருக்கும் வழியில்லை என்பது சாக்கு.

புலம்பெயர் தமிழர் செய்ய வேண்டியவை

முதலாவது: உறவினரின் எண்ணுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் நிரப்புமுன், அது எந்த நிறுவனத்தின் எண் என்று கேட்டறிய வேண்டும். மாற்று வழி உள்ள இடத்தில் இராணுவம் நேரடிப் பங்குதாரராக உள்ள மைட்டெலைத் தவிர்க்கலாம். பர்மிய மக்களே 2021இல் அந்தப் புறக்கணிப்பைத் தொடங்கி வைத்தனர்.

இரண்டாவது: பேச்சில் எச்சரிக்கை வேண்டும். யார் போராட்டத்துக்குப் போனார், யார் எல்லை கடந்தார் என்று தொலைபேசியில் துருவிக் கேட்பதும், அரசியல் காணொளிகளை அனுப்பிக் குவிப்பதும் பாசமாகாது. இணையத் தடையைக் கடக்க உதவும் வி.பி.என். சேவைகளை அனுமதியின்றி நடத்துவதைக் குற்றமாக்கும் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2025 சனவரியில் இயற்றப்பட்டது. வெளியூரில் இருப்பவரின் ஆர்வத்துக்கு விலை கொடுப்பவர் உள்ளூரில் இருப்பவரே.

மூன்றாவது: நோர்வேயில் வாழும் தமிழர் ஒரு கேள்வியை எழுப்பக் கடமைப்பட்டுள்ளனர். இலங்கையில் சமாதானத் தூதராக வந்த அந்நாட்டின் அரசே டெலினாரின் பெரும்பான்மைப் பங்குதாரர். இலாபத்தோடு நுழைந்தவர்கள் வெளியேறும்போது மக்களின் பதிவேட்டை ஏன் பாதுகாக்கவில்லை என்று ஒஸ்லோவின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் வாக்காளராக நின்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துத் தொலைபேசிகள் ஊமையாக்கப்பட்டதை அனுபவித்த ஈழத்தமிழருக்கு, மாவ்பித் தமிழனின் வாய் அடைக்கப்படுவதன் பொருளை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.

நான்காவது: ஆவணமற்ற பர்மாத் தமிழரின் குடியுரிமைச் சிக்கலை இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசியல் தலைவர்களும் பேசுபொருளாக்க வேண்டும். தன் பெயரில் ஒரு சிம் அட்டைகூடப் பெற முடியாத மனிதன், தன் பெயரில் நிலமோ கடையோ பள்ளிச் சான்றிதழோ எங்ஙனம் பெறுவான்?

கடையில் தொங்கும் நான்கு விளம்பரப் பலகைகளில் எது மலிவு, எது பெரிது என்ற கணக்கை மாவ்பித் தமிழன் இன்றும் போட்டுக்கொண்டுதான் இருப்பான். அவனுக்கு அதைத் தவிர வேறு வழி விடப்படவில்லை. ஆனால் அவனோடு மறுமுனையில் பேசுபவர்களுக்கு வழி உண்டு, வாய் உண்டு, வாக்கும் உண்டு. அவர்களும் விலையை மட்டுமே விசாரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்துக்கொள்வார்களானால், பர்மாத் தமிழன் இரண்டாம் முறை கைவிடப்படுவான். முதன்முறை கப்பலில் ஏற்றிக் கைவிட்டார்கள். இம்முறை அழைப்பில் காத்திருக்க வைத்துக் கைவிடலாமா?