பெயர் ஒன்று, கொடி வேறு

"ஆயிரம் வருஷமா மக்கள் குடிச்சுப் பார்த்த மருந்துங்க, இதுக்கு மேல என்ன சோதனை வேணும்?" சீன மருத்துவமோ நம்மூர் மருத்துவமோ, பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த வரியில்தான் வந்து உட்காரும். எனக்குச் சண்டை இந்த வரியோடுதான்.

லொங்தான் ஷியெகான் தாங் என்று ஒரு சீனக் கஷாயம். வாங் ஆங் 1682-இல் தொகுத்த மருந்து நூலில் இருக்கிறது. பத்துச் சரக்கு. கல்லீரல் சூட்டை வடிப்பது அதன் வேலையாம். கண் சிவப்பு, வாய்க் கசப்பு, காது இரைச்சல், நீர்க்கடுப்பு, தொட்டதற்கெல்லாம் பொத்துக்கொண்டு வரும் கோபம் (இது வேலை செய்தால் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு அண்டா தேவைப்படும்) எல்லாவற்றுக்கும் கொடுப்பார்கள். அந்தப் பத்தில் ஒன்று, சிறுநீரைப் பெருக்கும் மூ தோங் என்ற கொடித்தண்டு.

பழைய மூ தோங், அகெபியா என்ற கொடி. இருபதாம் நூற்றாண்டில் சந்தையில் அதன் இடத்தை வடகிழக்குச் சீனத்தின் குவான் மூ தோங் பிடித்துக்கொண்டது. அது அரிஸ்டோலோகியா இனம். அகெபியாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கும்; சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது பழகிய பயம்: பேக்கேஜ் பெயர் அதேதான், உள்ளே வேறு யாரோ எழுதிய கோட்.

பிரஸ்ஸல்ஸில் நடந்ததும் இதே பெயர்க் குழப்பம்தான். 1990களின் தொடக்கத்தில் உடல் இளைக்க மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. ஃபாங் ஜி என்று சேர்க்க வேண்டிய வேருக்குப் பதிலாக, அதே ஃபாங் ஜி பெயர் கொண்ட ஒரு அரிஸ்டோலோகியா போயிருந்தது. வான்ஹெர்வெகம் குழு 1993-இல் லான்செட்டில் எழுதியது. பாதிக்கப்பட்டவர்கள் பிறகு நூறைத் தாண்டினார்கள். அதற்கும் பத்து வருஷம் கழித்து, 2003-இல்தான் சீன அரசு குவான் மூ தோங்கை விலக்கி, கஷாயத்தில் அகெபியாவைத் திரும்பப் போடச் சொன்னது.

"அது கலப்படம் சார், மருந்து மேல தப்பில்ல" என்பார்கள். குவான் மூ தோங் யாரோ திருட்டுத்தனமாகச் சேர்த்தது கிடையாது. அரசின் மருந்துத் தர நூலிலேயே இருந்தது. சரி, அதையும் விடுங்கள். மா தோ லிங் என்ற அரிஸ்டோலோகியாக் காயை இருமலுக்கு நூற்றாண்டுக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே பெயரும் மாறவில்லை, செடியும் மாறவில்லை. ஆயிரம் வருஷச் சோதனை அதை ஏன் பிடிக்கவில்லை?

பிடித்திருக்க முடியாது. குடித்த அன்றைக்கே வாந்தி வந்தால் எந்த வைத்தியரும் கண்டுபிடித்துவிடுவார். சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். புற்றுநோய் பல வருஷம் கழித்து வரும். இருமல் நின்றுபோன மனிதர் வைத்தியரைப் புகழ்ந்துகொண்டே இருப்பார். செத்தவர் திரும்பி வந்து புகார் சொல்வதில்லை. யார் எதை எவ்வளவு சாப்பிட்டார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று எழுதி வைத்து எண்ணினால்தான் இது தெரியும். அந்த எண்ணிக்கையைக் கேட்பவனைத்தான் மரபின் எதிரி என்கிறார்கள்.

சீனாக்காரன் கதை நமக்கெதுக்கு என்று நகர வேண்டாம். நம்மூர் ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அரிஸ்டோலோகியாதான், அதே அமிலம்தான். ஆடுகூடத் தொடாது என்று பெயரிலேயே சொல்லிவிட்டு, பொடியாக்கி விற்கிறோம். அடுத்த முறை அந்தப் பொட்டலம் கையில் கிடைத்தால், சிறுநீரகம் என்ற சொல் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.