இதயத்தை நிறுத்தும் ஊசியும் படிக்காத கையெழுத்தும்

மக்களே, இது கொஞ்சம் காட்டமான பதிவு. கோபம் இன்னும் இறங்கலை.

போன மாசம் லேக் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது தங்கமணிக்குத் திடீர்னு படபடப்பு. "காஸ்" என்றார் பக்கத்து வீட்டு தாதா. வங்காளிக்கு எல்லாமே காஸ், நமக்கு எல்லாமே வாயு. ஜெலூசில் கொடுத்து அரை மணி நேரம் வீணாக்கியது அடியேன்தான்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தால் நிமிஷத்துக்கு 190. எஸ்விடியாம். மூச்சை அடக்கி முக்கச் சொன்னார்கள், இறங்கலை. "அடினோசின் போடணும், சில விநாடி இதயம் நிக்கும், கையெழுத்துப் போடுங்க." அவ்வளவுதான் விளக்கம். லோன் பேப்பரைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் கஸ்டமரைத் தினமும் திட்டுகிற நான், படிக்காமலே போட்டேன்.

அதற்குள் கும்பகோணத்திலிருந்து அக்கா போன்: "இதயத்தை நிறுத்துற ஊசியா? வேண்டாம்டா, மெட்ராஸுக்குக் கூட்டிட்டு வந்துடு." அக்கா, கோரமண்டலில் ஏறினாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். 190-ஐ வைத்துக்கொண்டா?

சிரிஞ்சை எடுத்த பிறகு தங்கமணியே முனகினாள்: "எனக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் எடுக்கிறேன்." டாக்டர் கை நின்றது. அடினோசினை வைத்துவிட்டு டில்டியாசெம் மெதுவாக ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் 84.

இப்ப சொல்லுங்க, தப்பு மருந்து மேலயா? அடினோசின் நம் உடம்பிலேயே இருக்கிற பொருள். இதயத்தில் அதன் வேலையை 1929லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் 6 மில்லிகிராம், கேட்காவிட்டால் 12. வேகமாகப் போட்டு, உடனே சலைனும் தள்ளுவார்கள். ஏவி நோடை ஒரு கணம் மறித்து, சுற்றிச் சுற்றி ஓடும் மின்துடிப்பை அறுக்கும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 10 விநாடிக்கும் குறைவு. நெஞ்சை அழுத்தும், முகம் சிவக்கும், உடனே அடங்கிவிடும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழல் இறுகலாம். டைபிரிடமால் சாப்பிடுபவருக்கு மருந்தின் வேகம் பல மடங்கு ஏறும். டீ, காபி, டெரிஃபிலின் அதைச் செயலிழக்க வைக்கும். டபிள்யூபிடபிள்யூ கோளாறோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்தால் ஆபத்து. அதனால்தான் ஈசிஜி ஓட, ஷாக் மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட வேண்டும்.

இதில் ஒன்றையாவது எங்களிடம் கேட்டார்களா? விளக்கிச் சொல்லாமல் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை என்று 2008லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. உயிர் போகிற அவசரம் விதிவிலக்கு, சரி. பேப்பர் நீட்ட நேரம் இருந்தால் "ஆஸ்துமா உண்டா?" என்று கேட்கவும் நேரம் இருக்கும் சார்!

கேள்வி கேட்டால் டாக்டர் கோவிச்சுப்பாரா? கோவிக்கட்டும். 1998ல் இதே கொல்கத்தாவில் ஸ்டீராய்டு ஊசி அளவு மீறிப் போன அனுராதா சாகா வழக்கில், 2013ல் உச்ச நீதிமன்றம் விதித்த நஷ்டஈடு ஏறத்தாழ 6 கோடி. வட்டி தனி.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு, பழைய வியாதியை எடுத்துச் சொல்ல மாமாவோ சித்தியோ பக்கத்தில் இல்லை. சாப்பிடும் மாத்திரை, அலர்ஜி, வீசிங் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, பழைய ஈசிஜி நகலோடு பர்ஸில் வையுங்கள்.

அக்கா, அடுத்த தடவை போன் பண்ணினா "ஊசி வேண்டாம்"னு அழாதே. "வீசிங் இருக்குன்னு சொன்னியாடா?"ன்னு கேளு.

டிஸ்கி: நான் பி.காம். வைத்தியத்துக்கு டாக்டரைப் பாருங்க.