ஊதச் சொன்னால் தயங்காதீர்கள்

உணவுக்குழாயில் புற்றுநோய் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "ஆபரேஷன் செய்தால் பிழைப்பாரா?" என்பதுதான். தங்கவயல்காரர்கள் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நுரையீரல் தாங்குமா?

உணவுக்குழாய் நெஞ்சுக்குள், மூச்சுக்குழலுக்குப் பின்னால் ஓடுகிறது. அதை எடுக்கும்போது பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரலைச் சுருங்கவிட்டு, மற்றதைக் கொண்டே சுவாசத்தை நடத்துகிறார்கள். பின்பு இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி மேலே இழுத்து இணைக்கிறார்கள். இதற்குப் பிறகு ஆளைப் படுத்துவது நிமோனியா. ஐரோப்பாவில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு இரண்டே வாரத்தில் நுரையீரல் தொற்று வந்தது. சிறு துளைகள் வழியே செய்தவர்களில் 9 சதவீதம்தான். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் அளவு குறைந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல், பிழைத்திருக்கும் காலமும் குறையலாம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

நம் பெரியவர்களின் நுரையீரல் எப்படிப்பட்டது? இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றி வந்த முதல் மருத்துவ அறிக்கைகளில் ஒன்று, 1947-ல், நம் தங்கவயலைப் பற்றியதே. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. உள்ளே போன பாறைத்தூசு மூடிக்கொண்டு போகவில்லை. வேலையை விட்ட பிறகும் அந்த நோய் வளரும். காசநோய் என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு.

மாரிக்குப்பத்தில் ரயிலேறி அப்பாவைப் பெங்களூருக்கு அழைத்துப் போகிறோம். "என்ன வேலை செய்தார்?" என்று டாக்டர் கேட்டால் மகன் முந்திக்கொண்டு "ரிட்டயர்டு" என்கிறான். முப்பது வருஷம் பூமிக்கடியில் இறங்கியது அந்த ஒரு சொல்லில் மறைந்துவிடுகிறது! வெட்கமோ, அவசரமோ தெரியவில்லை. எனக்கு இது பெரிய குற்றமாகவே படுகிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது. ஊதியது சரியில்லையென்றால் ஆபரேஷனே வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்களோ என்று. அப்படியே சொன்னாலும் கதவு மூடிவிடாது. கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துத் தரும் சிகிச்சை இருக்கிறது. துளைவழி ஆபரேஷன் இருக்கிறது. நாள் குறிக்கும் முன்பே பீடியை நிறுத்திவிட்டு, மூன்று பந்துள்ள அந்தப் பிளாஸ்டிக் கருவியில் மூச்சிழுத்துப் பழகலாம். சில வாரம் கிடைத்தாலும் லாபம்தான். பலவீனமான நுரையீரலை மறைத்துவிட்டு மேஜையில் படுக்க வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பழைய எக்ஸ்ரே ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால் எடுத்துப் போங்கள். எந்தச் சுரங்கம், எத்தனை வருஷம், கீழே என்ன வேலை என்பதை அப்பாவையே சொல்ல விடுங்கள்.