டெலிட் பண்ணும் முன் ஒரு நிமிடம்!

போடிநாயக்கனூர் என்றாலே ஏலக்காய்தான். மலையில் பறித்து உலர்த்திய காய், போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் விலை போகிறது. முன்பு வாயால் கூவிய விலை, 2007க்குப் பிறகு கணினித் திரையில் ஏறுகிறது.

லாட் எண், எடை, யார் என்ன விலை கேட்டார் என்பதெல்லாம் இன்று மின்பதிவு. நாளை பணத்தில் தகராறு வந்தால் விவசாயிக்கு அதுதான் சாட்சி. அந்தச் சாட்சியைக் காப்பது வக்கீல் அல்ல. ஏலம் நடத்துபவரிடமோ வியாபாரியிடமோ சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கணினி ஊழியர்தான். "டிஸ்கில் இடமில்லை, பழசைத் தூக்கு" என்றால் தூக்கிவிடுவார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? சட்டத்தை அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 7: பாதுகாக்க வேண்டிய மின்பதிவு பின்னாளில் திறந்து பார்க்கும்படி, உள்ளடக்கம் மாறாமல், அனுப்பிய, பெற்ற தேதி நேரத்துடன் இருக்க வேண்டும். பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தால் போதாது. ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அப்பீல் நடந்தால் அது முடிந்து ஓராண்டு வரையாவது வைத்திருக்க வேண்டும்.

வைத்திருந்தால் மட்டும் போதுமா? 2014ல் அன்வர் வழக்கில், உரிய சான்றிதழ் இல்லாத சி.டி.க்களை உச்ச நீதிமன்றம் சாட்சியாக ஏற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, அந்தச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் கேட்கிறது. கணினிக்குப் பொறுப்பானவரே அதில் கையெழுத்திட வேண்டி வரலாம். கோர்ட்டுக்குப் போகாமல் தடுக்க வேண்டுமென்றே பதிவை அழித்தாலோ, 3 ஆண்டு வரை சிறை.

எல்லாவற்றையும் என்றென்றும் சேர்த்து வைக்க எந்த நிறுவனத்தாலும் முடியாது. தேவையும் இல்லை. ஆனால் மூன்று விஷயங்களை முதலாளி தமிழில் எழுதி சர்வர் அறையில் ஒட்டலாம்:

1. எந்தப் பதிவை எத்தனை வருடம் வைக்க வேண்டும்?
2. நோட்டீஸ் வந்ததும் தானாக அழியும் வேலையை நிறுத்துவது யார்?
3. அழிக்க எழுத்தில் அனுமதி தருவது யார்?

ஒரு மதியம் வக்கீலை அழைத்து விளக்கச் சொன்னால் செலவு கொஞ்சம்தான். ஒரு வருட உழைப்புக்கு விலை கிடைத்ததை நிரூபிக்க முடியாத விவசாயியின் நஷ்டம் அதைவிடப் பெரிது.