பழைய கம்ப்யூட்டரை மூலையில் போடுவதற்கு முன்





"சேர், விண்டோஸ் 10 முடிஞ்சிட்டாமே, இனி புதுசு வாங்கத்தான் வேணுமா?" என்று பல வாப்பாமார் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எல்லோருக்கும் பொதுவாக எழுதுவது நல்லது என்று நினைத்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், முடிந்தது என்ன? 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு மேலதிகமாக ஒரு வருடம் அறிவித்தார்கள், அதுவும் பதிவு செய்தவர்களுக்கு மட்டும். இதனால் உங்கள் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாது. இன்டர்நெட்டில் போகும் பிள்ளைக்கு அது ஆபத்து.

விண்டோஸ் 11 போடலாமே என்றால், அதற்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 2017க்கு முன்பு வாங்கிய மெஷின்கள் பெரும்பாலும் இதில் தேறாது. அதனால்தான் "இது சரிவராது, புதுசு எடுங்க" என்ற பேச்சு வருகிறது.

என் கருத்து இதுதான்: மெஷின் நன்றாக இருந்தால் அதை வீசாதீர்கள், கடன்பட்டுப் புதுசு வாங்கவும் ஓடாதீர்கள். ஒப்பரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் மாற்றுங்கள்.

ஒரு ஓ.எல் பிள்ளைக்கு வீட்டில் என்ன தேவை? பாஸ்ட் பேப்பர் பார்க்க வேண்டும், டைப் பண்ண வேண்டும், சூம் வகுப்பில் சேர வேண்டும். ஏ.எல் ஐ.சி.டி. பிள்ளைக்குப் பைதன் வேண்டும். இவை எல்லாவற்றையும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம் செய்யும். 4 ஜி.பி. ரெம் இருந்தால் போதும். அதிலேயே எக்ஸ்.எப்.சி.ஈ. என்ற பதிப்பு பழைய மெஷின்களுக்கு இன்னும் இலகுவானது. அதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. லிப்ரே ஒபிஸ் அதனுடனேயே வருகிறது. பென் டிரைவில் இருந்தே இயக்கிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் எதுவும் அழியாது. வைபை, சவுண்ட், பிரின்டர் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. கடைக் கணக்கு சொப்ட்வெயார் போன்று விண்டோஸில் மட்டும் ஓடும் வேலை இருந்தால் விண்டோஸையே வைத்திருங்கள். ஆனால் காசு கொடுத்து எடுத்த விண்டோஸாக இருக்கட்டும். "கிரெக்" பண்ணிய விண்டோஸைச் சின்ன விடயமாக நாம் பழகிவிட்டோம். அதைப் போடும்போது முதலில் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறார்கள். பூட்டைக் கழற்றிவிட்டு அறியாத ஆளை வீட்டுக்குள் விடுவது போன்றது அது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கம்ப்யூட்டர் புரோகிராம்களைப் பாதுகாக்கிறது. ஒருவருடைய உழைப்பை அனுமதியில்லாமல் எடுப்பது மார்க்கத்தில் எப்படி என்று பிள்ளைகளுக்கு நாம்தானே சொல்லிக் கொடுக்கிறோம்? அதே பிள்ளைக்குக் கிரெக் பண்ணிய கம்ப்யூட்டரைக் கொடுத்தால் அது எதைப் படிக்கும்?

இனி, அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. டொகியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டொப்பில் கிடப்பவை எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் கொப்பி பண்ணுங்கள். "டி டிரைவில் இருக்கு, பயமில்லை" என்று விடாதீர்கள். இன்ஸ்டோல் பண்ணும்போது ஒரு தடவை பிழையாக அழுத்தினால் அதுவும் போய்விடும். கொப்பி பண்ணியதை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு விசேட கவனம்: பாமினியில் அடித்த வினாத்தாள்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் வருடக்கணக்காகச் சேர்த்த பேப்பர்கள் எல்லாம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். ஹார்ட் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டு வந்தால் எந்த சிஸ்டம் போட்டும் பயனில்லை. ஒரு எஸ்.எஸ்.டி. மாற்றிவிட்டுப் போடுங்கள், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது அடுத்த விடயம்தான். நமது வீட்டுக் கம்ப்யூட்டரில் கல்யாணப் படம், உம்மாவின், சகோதரிகளின் படம், அடையாள அட்டை ஸ்கேன் எல்லாம் இருக்கின்றன. அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கடையில் வைத்துவிட்டு வருகிறோம். நேர்மையாகத் தொழில் செய்யும் தம்பிமார் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டாரின் படங்கள் அமானிதம். அவற்றைப் பாதுகாப்பது முதலில் நமது பொறுப்பு. டிலீட் பண்ணினாலும், சாதாரணமாக போர்மட் பண்ணினாலும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து அவற்றைத் திரும்ப எடுக்க சொப்ட்வெயார் இருக்கிறது. ஆகவே பழைய கம்ப்யூட்டரை விற்பதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

அதனால் சொல்கிறேன், இந்த வேலையை நமது பிள்ளைகளே படிக்கட்டும். குறிப்பாகப் பெண் பிள்ளைகள். 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றும் ஒரு பின்னேரமும் போதும். வீட்டுக்குள்ளேயே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் படங்கள் வெளியே போகாது, காசும் மிஞ்சும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஊரில் ஐ.டி. படித்த வாலிபர்களும் சகோதரிகளும் இருக்கிறார்கள். மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும் மெஷின்களைக் கொண்டு வரச் சொல்லுங்கள். சரிவருபவற்றைத் திருத்தி, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்போம். வீண்விரயத்தைப் பற்றி மிம்பரில் கேட்பதோடு நிற்காமல், கையாலும் ஒன்றைச் செய்வோம்.

உங்கள் அபிப்பிராயங்களைக் கமென்டில் எழுதுங்கள். உதவக்கூடியவர்கள் கையை உயர்த்துங்கள்.