இறகு உதிர்க்கும் கோழியை விற்கலாமா?



மாட்டுத்தாவணி என்றால் இன்று நம் நினைவுக்கு வருவது 1999-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பேருந்து நிலையமே. மாடுகள் கட்டப்பட்ட பழைய சந்தை பெயரளவில் நிற்கிறது. ஆயினும் ஒத்தக்கடைப் பக்கமாகச் சென்று உட்தெருக்களில் நுழைந்தால், வீட்டு வாசலில் பஞ்சாரம் கவிழ்ந்திருப்பதை இன்றும் காணலாம்.

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில் நம் பங்கின் கைம்பெண் ஒருவர் என்னிடம் வந்தார். "சாமி, ஏழு கோழியும் முட்டையை நிறுத்திருச்சு. தீவனந்தான் செலவாகுது. கிறிஸ்மஸுக்குள்ள வியாபாரிகிட்ட தள்ளிரலாம்னு பாக்குறேன்" என்றார். முட்டை விற்ற காசில்தான் அவருடைய மகள் செவிலியர் பயிற்சிக்குப் பேருந்தில் சென்று வருகிறாள் என்பதை நான் அறிவேன்.

குருமடத்தில் பயின்ற நாளில் ஐரோப்பியக் கோழி வளர்ப்பு நூல் ஒன்றைப் படித்திருந்தேன். குளிர்காலத்தில் பகற்பொழுது குறைவதால் முட்டை நின்றுவிடும், கூட்டில் விளக்கேற்ற வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. அந்த ஞானத்தை உடனே வாரி வழங்கிவிட்டேன். அந்த அம்மா பத்து நாள் மின்விளக்கை எரித்தார். கோழிகள் உறக்கம் கெட்டு ஒன்றையொன்று கொத்திக்கொண்டதே கண்ட பலன்.

நூல் சொன்னது பொய்யன்று. கோழி ஒளியைக் கண்ணால் மட்டுமன்றி, மண்டையோட்டை ஊடுருவும் வெளிச்சத்தை மூளையாலும் உணர்கிறது. ஒளி நீள நீள முட்டை உருவாகும் உறுப்புகள் தூண்டப்படுகின்றன. முட்டைப் பண்ணைகளில் பகலோடு விளக்கொளியும் சேர்த்து நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் தருவது இதனாலேயே. ஆனால் இலண்டன் மாநகரில் டிசம்பர் மாதப் பகல் 8 மணி நேரமே. மதுரையிலோ ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணிக்குக் குறைவதில்லை. மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான வேறுபாடுதான். இலண்டன் கோழிக்கு எழுதிய மருந்துச் சீட்டை நான் மதுரைக் கோழியிடம் நீட்டியிருக்கிறேன்!

பிறகு கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் விளக்கைப் பார்க்கவேயில்லை. ஒரு கோழியைப் பிடித்து இறக்கையை விரித்துக் காட்டினார். பழைய இறகு உதிர்ந்த இடத்தில் குச்சி குச்சியாகப் புதிய இறகு முளைத்திருந்தது. இறகு பெரும்பாலும் புரதமே. உண்ட சத்தெல்லாம் இறகுக்குச் செல்லும்போது முட்டைக்கு ஒன்றும் மிஞ்சாது. இது நோயன்று, ஓய்வு. அதோடு நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு அமர விரும்பும். ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகளே அதனிடம் எதிர்பார்க்கத் தக்கவை.

ஆனால் உண்மையான குற்றவாளி கூட்டின் மூலையில் இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு! அந்தப் பூஞ்சண நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். மஞ்சட்கருவுக்கு வேண்டிய பொருள் உருவாவது அந்த ஈரலிலேதான். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. கொட்டத்தான் வேண்டியிருந்தது.

கூட்டின் தரையை மண்ணிட்டு உயர்த்தி, உலர்ந்த சாம்பலைப் பரப்பினார்கள். கம்பும் சோளமும் காய்ந்ததாகப் பார்த்து வாங்கினார்கள். ஓட்டுக்காகக் கிளிஞ்சல் தூள் ஒரு சிரட்டையில் வைக்கப்பட்டது. பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் இட்டு, நீர் தெளித்து, இரவில் மண்மீது கவிழ்த்துவைத்தால் காலையில் கறையான் திரண்டிருக்கும். செலவில்லாத புரதம் அது. வயது முதிர்ந்த இரண்டு கோழிகளை மட்டும் விற்றார். ஐந்து தங்கின. மகளின் பேருந்துச் செலவுக்கு அந்த மாதம் கடன்தான் வாங்கினார் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

தை பிறந்து இரண்டு வாரத்தில் மூன்று கோழிகள் முட்டையிட்டன. மாசித் தொடக்கத்தில் ஒன்று அடைக்கு அமர்ந்தது. மழை ஓய்ந்து, சித்திரை வெயில் ஏறுமுன் குஞ்சு பொரிப்பதே நம் ஊருக்கு ஏற்றது. ஒரு வாரத்துக்கு மேற்படாத 11 முட்டைகளை வைத்தார். இடிக்கு அஞ்சி இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் கூடையில் இட்டிருந்தார். நான் சிரித்தேன், எடுக்கச் சொல்லவில்லை. 7-ஆம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கின்மேல் முட்டைகளை வைத்துப் பார்த்தோம். சிலந்தி வலைபோல் செந்நரம்பு தெரிந்தவை 9. தெளிவாயிருந்த இரண்டும் கருக்கூடாதவை. 21-ஆம் நாள் 9 குஞ்சுகளும் வெளிவந்தன. எருசலேமைப் பார்த்து அழுத ஆண்டவர் தம்மைத் தாய்க்கோழிக்கு ஒப்பிட்டது ஏன் என்பது, அன்று அந்தச் சிறகடியைப் பார்த்தபோது எனக்கு இன்னும் நன்றாக விளங்கியது.

இனி வெள்ளைக் கழிச்சலுக்குத்தான் அஞ்ச வேண்டும். 1927-இல் இமயமலைச் சாரலில் உள்ள இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் அவ்வூர்ப் பெயரையே பெற்ற இந்நோய், வந்தால் தெருவையே வெறுமையாக்கும். முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்தும், 8-ஆம் வாரத்தில் இறக்கையில் ஊசியும் தவறக் கூடாது. குஞ்சுகளுக்கு 8 வாரம் நிறைந்தபோது, ஊசிக்கு எப்போது போவது என்று அந்த அம்மா பூசை முடிந்ததும் கேட்டார். வெயில் ஏறுமுன் போகச் சொன்னேன். ஒரு குப்பியில் பல கோழிகளுக்கான மருந்து உண்டு. கலக்கிவிட்டால் நெடுநேரம் தாங்காது. எனவே பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் காலை நான்கு வீட்டுக் கூடைகள் கால்நடை மருந்தகத்துக்குச் சென்றன.